பரீனா டீச்சருக்கு நான் விற்ற டேபிள் சோ

டேபிள் சோ, அதாவது மேசையோடு பூட்டிய மரம் அறுக்கும் வாள் மெசின், வாங்க வருகிறவர் முதலில் விலையைக் கேட்பார். அடுத்து, "இதவிடக் குறைஞ்சது இல்லையா?" என்பார். வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கி, சின்னதாக மரவேலை தொடங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் வருவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. விலைக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் நம்முடையவை. ஒருமுறை நான் அவற்றைக் கேட்கவில்லை. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

புதிதாகக் கவுண்டருக்கு வந்திருக்கும் உங்களிடம் வந்து ஒரு மணித்தியாலம் பேசும்படி கடையில் கேட்டார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மோட்டரின் குதிரைவலு, பிளேட்டின் அங்குலம் எல்லாம் பெட்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கின்றன. படித்துக்கொள்ளுங்கள். இது அந்தப் புத்தகத்தில் இல்லாதது.

மாத்தளை டவுனில் இந்தக் கடைக்கு நான் பில் எழுதத்தான் சேர்ந்தேன். மெசின்களைக் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்துப் பார்த்து, மூன்று நான்கு வருடத்தில் விற்கவும் தொடங்கிவிட்டேன். தண்ணீர் பம்ப் வாங்கப் பல்லேகமவிலிருந்து வருகிற விவசாயி என்னை ஒருமுறை பார்ப்பார். பிறகு என் தோளுக்கு மேலால் கடையின் உள்பக்கத்தைப் பார்த்து, "மிஸ், மெசின் தெரிஞ்ச ஆம்பிளையாள் யாரும் இல்லையா?" என்பார். "என்னக் கேளுங்க, எனக்குத் தெரியாட்டி ஆளக் கூப்பிடுறேன்" என்பேன். ஆளைக் கூப்பிட வேண்டிய தேவை மிகக் குறைவாகவே வந்தது. ஆனால் அந்தத் தோளுக்கு மேலால் போகும் பார்வை ஓய்வு பெறும் நாள் வரைக்கும் நின்றதில்லை. அது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த நானே அதே வேலையை இன்னொரு பெண்ணுக்குச் செய்தேன்.

டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. பெற்றோல் வரிசை, கரண்ட் கட், எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடையில் மூன்றே மூன்று டேபிள் சோக்கள் மிஞ்சியிருந்தன. ஒன்று, இங்கேயே வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்துப் பழைய மோட்டர் பூட்டியது. இரண்டாவது, ஜப்பானில் பாவித்து வந்த சின்ன மெசின். மூன்றாவது, பத்து அங்குலப் புதுச் சீன மெசின். பெட்டிக்குள் இருந்தவை எல்லாம் விற்றுத் தீர்ந்து, காட்சிக்கு வெளியே வைத்திருந்த அந்த ஒன்று மட்டும் மீதியாக இருந்தது.

ஒரு புதன்கிழமை உக்குவளையிலிருந்து கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் பெயர் ரிஸ்மி, ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். டீசல் இல்லாமல் வேன் பாதி நாள் வீட்டில் நின்றது. மனைவி பரீனா முன்பள்ளி டீச்சர். இந்த விபரங்கள் எல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு நான் எதையும் கேட்கவில்லை.

"வீட்டுல வச்சி செய்ற சின்ன வேலைக்கு மிஸ். விலை கூடாம நல்லதா ஒண்டு காட்டுங்க" என்றார் ரிஸ்மி.

நான் அவரிடம் பேசத் தொடங்கினேன். அவர் அந்தப் பத்து அங்குல மெசினைத் தட்டிப் பார்த்தார். பெரிதாக இருந்தது, புதிதாக இருந்தது, அவருக்குப் பிடித்துவிட்டது. நான் மெசினைப் போட்டு ஒரு பலகையை நீளவாக்கில் கீறி அறுத்துக் காட்டினேன். மனைவி ஒரு எட்டுப் பின்னால் நின்றார். கைப்பையிலிருந்து சின்ன மரத்துண்டு ஒன்றை எடுத்து, காட்டலாமா என்று யோசிப்பவர் போல வைத்திருந்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டார். அதைக் கண்டேன். என்ன அது என்று கேட்கவில்லை.

பிறகு பரீனா குனிந்து பிளேட்டைப் பார்த்தார். "மிஸ், பிளேட்டுக்குப் பின்னால ரெண்டு ஓட்டை இருக்கே, அது எதுக்கு?"

நான் ரிஸ்மியைப் பார்த்து, அண்ணன் என்கிற முறையில் 'நானா' போட்டுச் சிரித்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல நானா. இதுல எல்லா மரமும் அறுக்கலாம், பயப்படாம எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அந்த இரண்டு ஓட்டையிலும் பூட்ட வேண்டிய ஒரு தகடு இருக்கிறது. பிளேட்டுக்குப் பின்னால் மீன் செட்டை மாதிரி எழும்பி நிற்கும். அதைப் பின்தகடு என்போம். பலகை கீறுபட்டுப் போகும்போது, ஈரமான மரம் சில நேரம் பின்னால் மறுபடி மூடிக்கொண்டு பிளேட்டைக் கவ்விப் பிடிக்கும். அப்படிக் கவ்வினால் பிளேட் பலகையைத் தூக்கி, முன்னால் நிற்கிறவர் மேல் எறியும். பின்தகடு கீறலுக்குள் நின்று மரத்தை மூடவிடாமல் தடுக்கும். பிளேட்டை மறைக்கும் பிளாஸ்டிக் மூடியும் அதில்தான் பூட்டியிருக்கும். மூடியோடு வைத்தால் வாங்க வருகிறவர்களுக்குப் பிளேட் தெரியாது, மெசின் எடுபடாது. அதனால் காட்சிக்கு வைத்த அன்றே அதை நான் கழற்றிக் கவுண்டரின் இழுப்பறையான லாச்சிக்குள், பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் போட்டிருந்தேன். மறந்தும் போனேன். மெசினைத் துடைத்து, சாக்குச் சுற்றி, வேனில் ஏற்றினோம். தகடு லாச்சியிலேயே கிடந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். வேன் ஒன்று வாசலோடு வந்து நின்றது. ரிஸ்மி மெசினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, கவுண்டருக்கு முன்னால் நிலத்தில் வைத்தார். வைத்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"இதத் திருப்பி எடுங்க. எங்கட வீட்டுக்கு இது வேணாம்."

என்னோடு கவுண்டரில் நின்ற தம்பி, "என்ன நானா பிரச்சினை? எப்படிப் பாவிச்சீங்க?" என்று கேட்டான். அவன் கேட்டதில் குற்றமில்லை. வொரண்டிக்கு அதைத்தான் முதலில் கேட்கப் பழகியிருந்தோம். ஆனால் அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எப்படிப் பாவிச்சதா? பலகை பறந்து வந்து என்ட பொஞ்சாதிட விலாவுல அடிச்சிருக்கு. கைய பிளேட்டுப் பக்கம் இழுத்து, பெருவிரல்ல அஞ்சு தையல். டீச்சர் வேலை செய்ற கை அது. போயிருந்தா நீங்க தருவீங்களா? எப்படிப் பாவிச்சதெண்டு கேக்குறீங்க!"

பம்ப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கிட்ட வந்துவிட்டார்கள். யாரோ சிங்களத்தில், சீனச் சாமான் எல்லாமே இப்படித்தான் என்றார். நான் மெசினைப் பார்த்தேன். பிளேட்டுக்குப் பின்னால் அந்த இரண்டு ஓட்டையும் வெறுமையாக இருந்தன. என் முழங்காலுக்கு முன்னால் லாச்சி, அதற்குள் தகடு. கடையில் இருந்த அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

அங்கேயே, அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஆட்களுக்குப் பயந்தேன், அவருடைய கோபத்துக்குப் பயந்தேன். வேலைக்கும் பயந்தேன்.

ஆனால் ஒன்று செய்தேன். கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, "டீச்சர் இப்ப எப்படி இருக்காங்க நானா?" என்று கேட்டேன். அதுவரைக்கும் அவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை போலும். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. மூச்சு எடுக்கேக்க நோகுதாம்."

முதலாளி உள்ளறையிலிருந்து கண் காட்டினார். காசைக் கொடுத்து அனுப்பிவிடு என்று அதற்கு அர்த்தம். அது லேசான வழி. கல்லாவைத் திறந்தால் கூட்டமும் கலையும், நானும் தப்புவேன். ஆனால் அன்றைக்குப் பைக்குள் திரும்பிப் போன அந்த மரத்துண்டு எனக்குக் கண்ணுக்குள் நின்றது. மெசினைத் திருப்பி எடுத்தால் அந்தப் பெண்ணின் வேலையும் அதோடு போய்விடும். அதை இவரும் நானும் நின்று முடிவு செய்வதா?

"நானா, மெசின் இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு ஞாயிறு, கடை பூட்டுத்தான். நான் டீச்சர வந்து பாக்குறேன். அவங்க வேணாம்னு சொன்னா உங்க காசு அப்படியே கையில" என்றேன்.

"அவகிட்ட என்ன கேக்க இருக்கு? வாங்கினது நான்தானே?"

"பாவிச்சது அவங்கதானே நானா."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு, "வாங்க. ஆனா மெசின் திரும்ப எங்கட வீட்டுப் படி ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடை பூட்டும் நேரம் தகட்டை எடுத்து முதலாளியின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத வேற யாரும் கண்டாங்களா?"

"இல்ல முதலாளி."

"அப்ப பேசாம விடுங்க ராணி. காசத் திருப்பிக் குடுப்போம். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சேத்துக் குடுப்போம். இத நீங்க வாயால சொன்னா, அந்த மனுசன் பொலிஸுக்குப் போவாரு. என்ட வாப்பா காலத்துப் பேரு, ஒரு நாள்ல போயிடும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் பிள்ளைகளோடு கஷ்டப்பட்ட நாளில் கேட்காமலே சம்பளத்தை முன்னால் தந்தவர். அதனால் அவர் பேச்சைத் தட்டுவது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. "நாளைக்கு டீச்சரப் பாக்கப் போறேன் முதலாளி" என்று மட்டும் சொன்னேன். "போங்க, பழம் ஏதாவது வாங்கிட்டுப் போங்க. இது மட்டும் வேணாம்" என்றார். நான் தகட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார், தடுக்கவில்லை.

பஸ் குறைவு, மறுநாள் ரயிலில் போய் உக்குவளையில் இறங்கினேன். ரயில் பாதையிலிருந்து ஐந்து நிமிட நடை. பின்வாசலில் தகரம் இறக்கிய ஒரு சின்னக் கொட்டில், அதுதான் டீச்சரின் பட்டறை. மெசின் இருந்த இடத்தில் மரத்தூளுக்கு நடுவே நான்கு கால் தடம் மட்டும் தெரிந்தது. சுவரோரம் கட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் தமிழ் எழுத்து, மறுபக்கம் சிங்கள எழுத்து, மூன்றாவது பக்கம் இலக்கம். எல்லா மூலையும் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். கைப்பைக்குள் திரும்பிப் போன துண்டு இதில் ஒன்றுதான்.

டீச்சர் விலாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட விரலைப் பார்த்தேன். பழத்தைக் கொடுத்துவிட்டுப் பேச்சைச் சுற்றி வளைக்க நினைத்தேன், முடியவில்லை. பையிலிருந்து தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதன் அடியில் இருந்த இரண்டு துளையையும் பார்த்தார். விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

"இது அந்த ரெண்டு ஓட்டைக்கு."

"ஆமா டீச்சர். நான்தான் கழட்டி வச்சேன். உங்களுக்குத் தர மறந்துட்டேன். இது இருந்திருந்தா பலகை அப்படி வந்திருக்காது."

அவர் தகட்டை மடியில் வைத்தார்.

"அன்டைக்கு நான் கேட்டன் மிஸ்."

"கேட்டீங்க."

"நீங்க இவரப் பாத்து பதில் சொன்னீங்க."

அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வாசலில் நின்ற ரிஸ்மி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இது உங்கட பிழை" என்றார்.

"ஆமா நானா. என் பிழை."

"நேத்து கடையில வச்சி ஏன் சொல்லல்ல?"

"பயந்துட்டேன்."

அவர் வெளியே போய்விட்டார். பொலிஸுக்குத்தான் போகிறாரோ என்று நினைத்தேன். போனாலும் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது என்றும் நினைத்தேன்.

டீச்சர் என்னை எழும்பிப் போகச் சொல்லவில்லை. அதனால் அந்தக் கொட்டிலில் இருந்துகொண்டு, ஒரு மாதத்துக்கு முன்னால் கடையில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதை அறுக்கிறீர்கள்? எவ்வளவு தடிப்பம்? பலகை எங்கே வாங்குகிறீர்கள்? மெசினுக்கு முன்னால் எங்கே நிற்பீர்கள்? எந்தக் கையால் தள்ளுவீர்கள்?

அவருக்கு இடது கைப் பழக்கம். கடையில் பில்லில் கையெழுத்துப் போட்டதும் ரிஸ்மிதான் என்பதால் அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பலகையை வழிநடத்தும் இரும்புச் சட்டம் வலது கைக்காரருக்கு ஏற்ற பக்கத்திலேயே பூட்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அவர் கை பிளேட்டைத் தாண்டி வந்திருக்கிறது. மேசை அவர் உயரத்துக்கு அதிகம். எட்டித் தள்ளியதால் உடம்பு பிளேட்டுக்கு நேராகவே நின்றிருக்கிறது. மரம் அறுத்து விற்கும் மரக்காலையில் வாங்கிய மஹோகனி இன்னும் ஈரம். தகடு இல்லாததோடு நான்கு பிழைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஒன்றுகூட அவருடையது இல்லை. கரண்ட் போனால் உடனே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் வரும்போது பிளேட் தானாகச் சுற்றத் தொடங்கும் என்பதை மட்டும் அவரே யோசித்துப் பழகியிருந்தார். அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"வேணும்னா மெசின மாத்தித் தாறேன் டீச்சர்" என்றேன். இந்த முறை மூன்று மெசினைப் பற்றியும் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பட்டறையில் அடித்தது பலமானது, விலையும் குறைவு. ஆனால் பின்தகடு பூட்ட அதில் இடமே இல்லை. ஜப்பான் மெசினின் சட்டம் அசையாது, அறுப்பும் சுத்தம். ஆனால் அது நூறு வோல்ட்டில் ஓடுவது. ட்ரான்ஸ்போமர் ஒன்று வைக்க வேண்டும், யாராவது தெரியாமல் நேரே பிளக்கில் குத்தினால் எரிந்துவிடும். சீன மெசினில் குறை அந்தச் சட்டம்தான். இறுக்கும்போது பின்பக்கம் ஒரு நூலளவு விலகும். ஒவ்வொரு முறையும் பிளேட்டுக்கு முன்னாலும் பின்னாலும் அடிமட்டம் வைத்து அளக்க வேண்டும், சோம்பல் படக்கூடாது.

அவர் யோசித்தார். "வீட்டுல பிளக் ரெண்டுதான் மிஸ். புள்ளைகளும் இருக்கு. ட்ரான்ஸ்போமர் சரிவராது. அளக்குறது எனக்குப் பழக்கம். பலகைய மரக்காலையில காயவச்சே கீறி எடுத்தா, நான் குறுக்கால மட்டும் வெட்டலாம். அதே மெசின் போதும்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆனா இவர் விடமாட்டார்" என்றார்.

அந்த நேரம் ரிஸ்மி உள்ளே வந்தார். பொலிஸுக்குப் போகவில்லை. கையில் மூன்று கோப்பை பிளேன்டி, பால் இல்லாத தேத்தண்ணீர். ஒன்றை என் பக்கம் வைத்துவிட்டு நிலத்தில் குந்தினார்.

"நான் கட்டார்ல ஒரு மர வேலைக் கொம்பனிக்குத்தான் வேன் ஓட்டினேன் மிஸ்" என்றார். "ஒரு நாள், என்னோட வேலை செஞ்ச ஒரு பையனுக்கு மூணு விரல் போச்சு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழி முழுக்க அவன் ஒண்டும் பேசல்ல. கையில சுத்தின துணியப் பாத்துட்டே இருந்தான். அந்த வேன நான் கழுவினேன். இவ கத்தின சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்திச்சு."

டீச்சர் அவரைப் பார்த்தார். "இத நீங்க என்கிட்டச் சொன்னதே இல்லையே."

"சொல்லி என்ன செய்ய?"

மூவரும் தேத்தண்ணீர் குடித்தோம். இடையில் பேசுவதற்கு அது என் இடமில்லை. கடைசியில் அவர்தான் கேட்டார். "உனக்கு வேணுமா?"

"வேணும்."

"பயமில்லையா?"

"பயம்தான். ஆனா வேணும்."

ரிஸ்மி தகட்டை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். "இது உண்மையிலயே பலகையத் தடுக்குமா மிஸ்?" என்று கேட்டார். அந்த வீட்டில் அவர் கேட்ட முதல் மெசின் கேள்வி அதுதான். பலகை கவ்வாது, ஆனால் கையை இது பார்த்துக்கொள்ளாது, அதற்குக் கைக்குப் பதிலாகப் பலகையைத் தள்ளும் தள்ளுகட்டையும் கவனமும் வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன்.

மெசினை அவரே வந்து வேனில் எடுத்துப் போனார். தையல் வெட்டி, விலா நோவும் குறைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி போனேன். ரிஸ்மி மெசினின் கால்களை டீச்சரின் உயரத்துக்கு வெட்டியிருந்தார். சட்டத்தை இடது கைக்கு மாற்றிப் பூட்டினோம். கையை எடுக்காமல் முழங்காலால் இடித்து நிறுத்த, சுவிட்சுக்கு முன்னால் ஒரு பலகை நாக்கை ரிஸ்மியே செய்து தொங்கவிட்டிருந்தார். அது எனக்கே தோன்றாத யோசனை. டீச்சர் எங்கள் இருவரையும் பிளேட்டுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கச் சொன்னார். அளந்தார். இன்னொரு தரம் அளந்தார். மெசினைப் போட்டார். ரிஸ்மியின் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. கீறிக் காய்ந்த கம்பு பிளேட்டைக் கடந்து போனது, முழங்கால் நாக்கை இடித்தது, பிளேட் நின்றது. அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கம்பை எடுத்தார்.

இன்றைக்கு யட்டவத்தப் பக்கத்து முன்பள்ளிகளிலும் அவருடைய கட்டைகள் இருக்கின்றன.

அந்தத் தகட்டைக் கொடுத்துவிட்டு வந்ததற்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே மெசினில் பதினொன்றை நான் பெட்டியோடு விற்றிருந்தேன். பெட்டிக்குள் தகடு இருந்தது உண்மை. அதைப் பூட்டினார்களா என்று யாரையாவது கேட்டேனா? வொரண்டிக் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் அடிக்கத் தொடங்கினேன். முதலாமவர் பூட்டியிருந்தார். இரண்டாமவர், "அந்த மூடி இடைஞ்சல் மிஸ், கழட்டிட்டேன்" என்றார். அவரோடு பத்து நிமிடம் பேசி, அன்றைக்கே திரும்பப் பூட்டச் சம்மதிக்க வைத்தேன். மூன்றாமவர் பல்லேகமவில் ஒரு விவசாயி. அது மெசினின் பாகம் என்றே அவருக்குத் தெரியாது. கோழிக்கூட்டுக் கதவுக்குக் கொண்டியாக ஆணியடித்து வைத்திருந்தார். "நல்ல இரும்பு மிஸ், துருவே பிடிக்கல" என்றார். கழற்றச் சொன்னேன். கோழிக்கு வேறு கொண்டி போடுவதாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் முதலாளி நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"உக்குவளையில சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் முதலாளி."

"என்ன சொன்னாரு?"

"பிளேன்டி தந்தாரு."

அவர் மேசையில் கிடந்த கார்டுகளைப் பார்த்தார். என்னை வேலையிலிருந்து நிற்கச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசையில் மீதியிருந்த கார்டுகளை இரண்டாகப் பிரித்து, பாதியைத் தன் பக்கம் நகர்த்தினார். கண்ணாடியைப் போட்டு முதல் இலக்கத்தை அழுத்தினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். மாத்தளை மெசின் கடையில இருந்து பேசுறேன். உங்களுக்கு நாங்க ஒரு டேபிள் சோ வித்தோம். விக்கேக்க சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தச் சொல்லாம விட்டுட்டோம். இப்ப கொஞ்சம் நேரம் இருக்கா?"